தொட்டதும் போன் ஏன் தயங்குது

அந்தக் காலத்துல செல்போனுக்குள்ள இருந்த ஒவ்வொண்ணுக்கும் வாய் இருந்துச்சு. இந்த டார்ச்சு லைட்டு இருக்கே, அது ஒருநாள் சட்டைப்பைக்குள்ளயே எரிஞ்சுக்கிட்டு, ஊருக்கே நான்தான் வெளிச்சம்னு பீத்திக்கிச்சாம். அது கெடக்குது கழுத. இது ஓட்டன் கதை. படம் காட்டுறது, கணக்குப் போடுறது, மணியடிக்கிறது, எல்லாத்தையும் ஓடியோடிச் செய்யிறவன் அவன்தான். பிராசசர்னு சொல்றாங்களே, அவன்.

அவன் இருந்த போனு, பொட்டக்காட்டுல ரயில் கேட் போடுற சவரிராயனோடது. வேலை நேரத்துல போனத் தொடக்கூடாது. வந்ததும் ஜன்னல்ல வச்சார்னா, வேலை முடிஞ்சு கெளம்பும்போதுதான் எடுப்பார். அதுவரைக்கும் ஓட்டனுக்குப் பேச்சுத்துணை பேட்டரியக்கா மட்டும்தான்.

ஆனாலும் ஓட்டன் நிக்கமாட்டான். தலைதெறிக்க ஓடிக்கிட்டே இருப்பான்.

"யாருக்குடா ஓடுற? ஈ காக்கா இல்ல இங்க."

"திடீர்னு தொட்டார்னா? கொஞ்சம் லேட்டானாலும் தூக்கிப் போட்ருவாருக்கா."

"ஓடுறது நீ, சோறு போடுறது நானு! உடம்பு கொதிக்குதுடா. வயிறு வீங்குது பாரு. நான் போயிட்டா இருட்டுல ஒத்தையாக் கெடப்ப."

அந்தச் சொல்லு அவன உலுக்கிருச்சு. மறுநாள் அடியோட படுத்துட்டான். அக்கா உடம்பு குளுந்துச்சு. சாயங்காலம் சவரிராயன் வந்து தொட்டார். எந்திரிச்சா அக்கா கொதிச்சிருவாளேன்னு ஓட்டன் படுத்தமேனிக்கே ஊர்ந்தான். படம் நகரல.

"என்ன எழவு இது, செத்துப்போச்சா?"

ஜன்னல்லயே போட்டுட்டு, வீட்டுக்குப் போயிட்டார். பகல் பூரா ஓட்டன் காத்துக் கெடந்ததே அந்த ஒரு தொடலுக்குத்தான்.

ஓட்டன் தேம்பித் தேம்பி அழுதான். "ஓடினா நீ போயிருவ. படுத்தா அவர் போயிருவார். நான் என்னதான்க்கா செய்ய?"

கடைசில அவனே கண்ணத் தொடச்சுக்கிட்டான்.

"ஆளில்லாதப்ப படுத்துக்கிறேன், நீ பொழச்சுக் கெட. விரல் பட்டா எந்திரிச்சு ஓடுறேன்."

"எந்திரிக்கிறதுக்குள்ள திட்டுவாரேடா?"

"திட்டட்டும்க்கா. திட்டுறதுக்காவது பக்கத்துல இருப்பாருல்ல."

அன்னைக்கிருந்துதான், சும்மா கெடந்த போனத் தொட்டா கண்ணிமைக்கிற நேரம் மலைச்சு நின்னுட்டு அப்புறம் பறக்குது. அந்த நேரத்துலதான் நாம "ப்ச்"சுங்கிறோம். உள்ள ஒருத்தன், ஆளு வந்துருச்சுன்னு அடிச்சுப் பொரண்டு எந்திரிச்சு வந்துக்கிட்டிருக்கான்.