வாசலில் எட்டுக் காவலாளிகள்

"காவல்காரப் புரதம் இப்படிக் கொட்டிக் கெடக்குதே, இவளை ஏன் இன்னும் உக்கார வச்சிருக்கோம்?" என்று கேட்டார் டாக்டர் அமலோற்பவம்.

இருபத்தாறு வருஷம் பிரசவம் பார்த்த கை. திசுவை மைக்ராஸ்கோப்பில் படிக்க ஆசைப்பட்டு, தன்னைவிட இருபது வயது சின்னவரான டாக்டர் நூர்ஜஹானிடம் மாணவியாகச் சேர்ந்திருந்தார். கேலியாகக் "குருவம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணாடித் தகட்டில், கீழே காத்திருந்த சண்முகக்கனியின் கருப்பைவாய்த் திசு. புற்றுநோயின் தொடக்கமா, வெறும் புண்ணா என்று வழக்கமான சாயத்தில் பிடிபடவில்லை. அதனால் பி16 பார்த்தார்கள். செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் புரதம் அது. இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்.

இங்கே அடியிலிருந்து மேல்வரை ஒரே பழுப்பு.

"எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு, குருவம்மா. ஊருக்கு அனுப்பிருவோம். ஏழு வருஷமா பிள்ளைக்கு ஏங்குறவ."

நூர்ஜஹான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"கேட்டைப் பாருங்க, மேடம். எத்தனை வாட்ச்மேன்?"

"எட்டு."

"தினமும் எத்தனை?"

"ஒருத்தர். அவரும் தூங்குவார்."

"இன்னைக்கு ஏன் எட்டு?"

"ஏதோ தகராறு. அடக்கியும் அடங்கல போல. அதான் ஆள் மேல ஆளா வந்து..."

அமலோற்பவம் சட்டென்று தகட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இங்கயும் அடங்காமப் பெருகுதா!"

ஆய்வுக்கூட வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார். சண்முகக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள்.

"உக்காரும்மா. இப்பப் போகக் கூடாது."

"கர்ப்பப்பைய எடுத்துருவீங்களாம்மா?"

"மாட்டேன். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. கொஞ்சூண்டு சதைதான்."

அந்தக் கொஞ்சூண்டை அவரே எடுத்தார். கர்ப்பப்பை தப்பியது.

அடுத்த வருஷம் அவளுடைய தகடு மறுபடி வந்தது. அமலோற்பவம் குனிந்து தேடினார். இந்த மூலை, அந்த மூலை. பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"ஒருத்தரையும் காணோம்!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஜெயிச்சுட்டா, குருவம்மா! இனிமே அவ தாராளமா பிள்ளை பெத்துக்கலாம்!"

சந்தோஷத்தில் உட்கார முடியாமல் ஜன்னலுக்குப் போனார். கேட்டில் ஒரே ஒரு வாட்ச்மேன், நாற்காலியில் தலை தொங்கக் கிடந்தார்.

"இந்த மனுஷன் இன்னைக்கும் தூங்குறாரே!"

நூர்ஜஹான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

"தூங்கட்டும், மேடம்."