அழையாமல் போகாதவரும் எதையும் கேளாதவரும்

சிறியோரே, பெரியோரே, சற்றே செவிகொடுங்கள். ஆற்றங்கரை ஊர்களையெல்லாம் ஒரே சிற்றரசர் ஆண்டுவந்த அந்நாளில், நெடுங்கரை என்னும் ஊரில் சாத்தன், கூத்தன் என்னும் உடன்பிறந்தார் இருவர் எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்தனர்.

மூத்தவர் சாத்தன் வைத்தியர். ஒருமுறை, உறவினர் அழைத்தனர் என்று ஒரு நோயாளியிடம் சென்றார். வைத்தியத்தில் விருப்பமில்லாத அந்நோயாளி மருந்தைத் துப்பிவிட்டு இறந்துபோனார். பழி சாத்தன்மீது விழுந்தது. 'நோயாளி தாமே அழைக்காமல் போகேன்' என்பது அன்றுமுதல் அவருடைய கொள்கை.

இளையவர் கூத்தன் உழவர். ஒருமுறை ஏர்மாட்டை இரவல் கேட்டு, ஊரார் நடுவில் ஏச்சு வாங்கினார். 'எவரிடமும் எதையும் கேளேன்' என்பது அன்றுமுதல் அவருடைய கொள்கை. வயலில் நா வறண்டாலும், அடுத்தவரிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கமாட்டார்.

இரண்டும் நல்ல கொள்கைகளே. ஊரார் இருவரையும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டனர்.

ஓர் ஐப்பசி மாதத்தில் கூத்தனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது.

"அண்ணனை அழைக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி நங்கை.

"காய்ச்சலை நான் கேட்டா வாங்கினேன்? தானாக வந்தது, தானாகப் போகும்" என்று சிரித்தார் கூத்தன்.

நங்கை எதிர்வீட்டுக்குச் சென்றாள். "அத்தான், ஒருமுறை வந்து பாருங்கள்."

"அவன் அழைத்தானா, அம்மா?"

அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறியது. கூத்தனின் உதடுகள் வெடித்தன. நங்கை மீண்டும் சென்றாள். "அத்தான், அவர் அழைக்கிறார்."

"அவன் வாயால் சொன்னானா?"

பொய்யைத் தொடர அவளுக்குத் தெரியவில்லை. "மருந்தையாவது கொடுங்கள்" என்றாள்.

"நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது வைத்தியமன்று. அவன் ஒரு சொல் சொல்லட்டும், ஓடி வருகிறேன்."

"ஒரே தாயின் வயிற்றில் பிறந்தீர்கள். ஒருவருக்குக் காலில்லை, ஒருவருக்கு வாயில்லை!" என்று கூறிவிட்டு நங்கை நடந்தாள்.

அச்சொல் சாத்தனைச் சுட்டது. ஆயினும் அன்று அவர் எழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மருந்தை அரைத்துக்கொண்டிருந்தவர், திடீரெனக் குழவியை நிறுத்தினார். "கொள்கை கிடக்கட்டும்" என்று, அடுப்பில் இருந்த கஷாயத்தைக் குவளையில் ஊற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அதே நேரத்தில் நங்கை எதிரே ஓடிவந்தாள். "அத்தான், வாய் திறந்துவிட்டார்! 'அண்ணனைக் கூப்பிடு' என்றார்!"

இருவரும் ஓடினர். சாத்தன் தம்பியின் வலக்கையைப் பற்றினார். இடக்கையைப் பற்றினார். மார்பில் காதை வைத்தார். தம்பியின் உயிர் பிரிந்திருந்தது.

"அது என்ன மருந்து?" என்று கேட்டாள் நங்கை.

"எல்லார்க்கும் கொடுக்கும் கஷாயந்தான், அம்மா. நேற்றே கொடுத்திருந்தால், இந்நேரம் எழுந்து உட்கார்ந்து, 'உன்னை யார் வரச்சொன்னது?' என்று என்னை ஏசிக்கொண்டிருப்பான்."

நங்கை அந்தக் குவளையை வாங்கி, முற்றத்து மண்ணில் ஊற்றினாள்.

ஆகையால் கேளுங்கள்: வாழ்வைக் காப்பதற்காக நாம் வகுத்துக்கொண்ட கொள்கையை, ஓர் உயிர் தவிக்கும்போது தளர்த்தத் தயங்குபவர், பின்பு அந்தக் கொள்கையோடு மட்டுமே வாழ நேரும்.