பதினஞ்சுக்குள்ளே பதினாறு

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் அப்பளக் கம்பெனி. அதன் ஆபீசில் மூன்று பேர்: மேனேஜர் பரமானந்தம், கிளார்க் சுடலைமுத்து, டைப்பிஸ்ட் ஞானசௌந்தரி. மூவரும் சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். கஷ்டமே அதுதான்.

அந்தக் கம்பெனியில் வருமான வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்கியது சூப்பர்வைசர் மரியபுஷ்பம் ஒருத்திதான். மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் வேண்டுமென்றால் ஃபாரம் பதினாறு கொண்டுவரச் சொல்லியிருந்தது பாங்க். வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய தாள் அது. ஆடிட்டர் அதைத் தயார் செய்து அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"ஜூன் பதினஞ்சுக்குள்ள ஃபாரம் பதினாறை அந்தம்மா கையில சேர்த்துடுங்க. இல்லேன்னா அபராதம்!"

பரமானந்தம் போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "பதினஞ்சுக்குள்ள பதினாறு எப்படிய்யா அடங்கும்?"

"பெரிசாச்சே சார்," என்றான் சுடலைமுத்து கவலையோடு.

ஞானசௌந்தரி வெகுநேரம் யோசித்தாள். "மடிச்சா அடங்கும் சார்."

தினசரி காலண்டரில் ஜூன் பதினஞ்சைக் கிழித்தார்கள். ஃபாரத்தைப் புளியங்கொட்டை அளவுக்கு மடித்து அதற்குள் வைத்துச் சுருட்டினார்கள். கச்சிதமாக அடங்கியது. மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்று ஆள் வராததால் மரியபுஷ்பமே மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கையில சேர்க்கணும். கை எங்கேம்மா?"

"மாவுக்குள்ள இருக்கு சார். அங்க மேசையில வச்சிட்டுப் போங்க."

"மேசைன்னு ஆடிட்டர் சொல்லலையே!" என்று பரமானந்தம் மாவுக்குள்ளேயே அமுக்கினார். அவள் அலறுவதற்குள் மாவு மிஷினுக்குள் போய், அப்பளமாக வந்து விழுந்தது.

மரியபுஷ்பம் அழுதாள். "பாங்க்ல நான் எதைக் காட்டுவேன்?"

"எதுவும் தொலையலம்மா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு," என்று மூவரும் நாலு கூடை அப்பளத்தோடு அவளை பாங்குக்கு அழைத்துப் போனார்கள். கூடவே அடுப்பும் எண்ணெயும். பொரித்தால்தான் எழுத்து விரியும் என்பது சுடலைமுத்துவின் கருத்து.

ஒவ்வொன்றாகப் பொரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றில் பெயர் தெரிந்தது. ஒன்றில் சம்பளம். பாங்க் மேனேஜரே அசந்துபோய், "கையெழுத்து இருந்தா கடன் தர்றேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து 'நொறுக்' என்று ஒரு சத்தம். சாம்பாரும் சோறுமாக உட்கார்ந்திருந்த கேஷியர் கையில் பாதி அப்பளம். அதில் நீல மையில் ஒரு வால் மட்டும் மிச்சம்.

பரமானந்தம் பதறாமல் ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

"சார், ஃபாரம் பத்திரமா இருக்கு. கையெழுத்து மட்டும் கேஷியருக்குள்ள இருக்கு. அவரையும் பின் அடிச்சுக் கொடுத்துடலாமா, இல்ல அவருக்குத் தனிக் கவரா?"