மேஸ்திரிக் கழுதையின் வழக்கு

ஒரு கரடியிடம் நாற்பது கழுதைகள் வேலை பார்த்தன. மலைத் தேனைக் குடம் குடமாகச் சந்தைக்குச் சுமப்பதுதான் வேலை. கழுதைகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு வக்கீல் ஒரு பெண் கீரி. காரணமில்லாமல் ஒரு கழுதையை நீக்கினாலும் கீரி கரடியைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடும்.

தோற்றுத் தோற்றுச் சலித்த கரடி வேறு வழி கண்டது. கழுதைகளை ஒவ்வொன்றாக அழைத்துக் கழுத்தில் வெண்கல மணி கட்டியது.

"இன்னையிலிருந்து நீ மேஸ்திரி!"

சுமை குறையவில்லை. ஆனால் மணி கட்டிய கழுதைகள் சங்கத்தை விட்டு விலகின.

"காட்டுச் சட்டம் சுமக்கிறவங்களைத்தான் காப்பாத்தும். மேஸ்திரியை நினைச்ச நேரம் விரட்டலாம்!" என்று கீரி கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொன்னது.

"உங்களுக்குப் பொறாமை, வக்கீலம்மா!"

இரண்டே மழைக்காலத்தில் சங்கத்தில் ஒன்பது கழுதைகளே மிஞ்சின.

ஒருநாள் மொட்டைச்செவியன் என்ற மேஸ்திரிக் கழுதை நொண்டிக்கொண்டு வந்தது.

"கால்ல முள்ளு, வக்கீலம்மா. மூணு நாள் போகலை. முதலாளி விரட்டிட்டாரு. வீட்டுல குட்டிங்க பட்டினி."

"சங்கம் வேண்டாம்னு போனவன்தானே நீ?"

"புத்தி கெட்டுப் போச்சு."

"சரி, முதுகைக் காட்டு."

முதுகெல்லாம் சுமைப்புண்.

"இதுதான் சாட்சி. பேருக்கு மேஸ்திரி, பார்த்தது சுமை வேலைன்னு கூண்டுல சொல்லு. வேலை திரும்பக் கிடைக்கும்."

விசாரணை நாளில் மணி கட்டிய கழுதைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தன. கரடிக்கு வக்கீலான நரி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டது: "மேஸ்திரி ஐயா, மத்த கழுதைங்க மாதிரி நீங்களுமா குடம் சுமந்தீங்க?"

கூட்டத்தில் ஒரு கழுதை களுக்கென்று சிரித்தது. மொட்டைச்செவியன் கழுத்தை நிமிர்த்தியது. கீரி கண்ணைக் காட்டியது. பயனில்லை.

"நானா? சுமக்கிறதா? ஏவுறதோட சரி!"

"அப்படியானால் முதுகில் ஏது புண்?" என்றது நீதிபதி யானை.

"படுத்த இடத்துல கல்லு குத்திடுச்சு, எசமான்!"

வழக்கு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்ததும் கழுதை கேட்டது: "மேல்கோர்ட்டுக்குப் போவோமா, வக்கீலம்மா?"

"போகலாம். அங்கேயாவது சுமந்தேன்னு சொல்லுவியா?"

கழுதை சுற்றி நின்ற மணி கட்டிய கழுதைகளைப் பார்த்தது. "அங்கேயும் இவங்க வருவாங்களா?"

தான் செய்யும் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறவனுக்கு எந்தச் சட்டமும் துணை நிற்க முடியாது.