ருசி பார்க்காத பொங்கல்

சங்கரபாகம் தன் மனைவி ஆவுடையம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில். அவர் சமையல்காரர். அவள் உடன் வருவாள். அன்று ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் உப்பு என்றாள். போட்டார். மறுபடி பார்த்து, "இப்ப சரி" என்றாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று சாமான்கள் இருந்த அறைக்குப் போனாள். பந்தி முடிந்து அவர் எழுப்பப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஒத்துக்கொண்ட முதல் கல்யாணத்தில், சாம்பாருக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. வாயில் விட்டுப் பார்த்தார். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை போட்டார். சம்பந்தி வீட்டார் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த வீட்டில் பயந்து பயந்து போட்டதில் எல்லாமே சப்பென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய சிவமடம் இருந்தது. அதன் குரு சங்கரபாகத்தைவிட மிகவும் இளையவர். எல்லோரும் அவரைச் சாமி என்றார்கள். அவர் தன்னிலும் மூத்தவர்களை, சீடர்களாக இருந்தாலும், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சங்கரபாகம் அங்கே சீடராகச் சேர்ந்தார். நந்தவனத்துக்குத் தண்ணீர் விட்டார். காய் நறுக்கினார். அடுப்புப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் சமையலுக்கு ஆள் போதாமல், கூட்டு வேகும் அடுப்பைச் சங்கரபாகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கிண்ணத்தில் கூட்டை எடுத்துக்கொண்டு போய், கிணற்றடியில் நின்றவர், திருநீறு வாங்க வந்தவர் என்று பார்ப்பவர் எல்லோரிடமும் நீட்டி, உப்பு சரிதானா என்று கேட்டார். ஒருவர் சரி என்றார், ஒருவர் கூட என்றார். அவர் திரும்பிப் போய் மறுபடியும் கிண்ணத்தோடு வந்தார். இசக்கி என்று இன்னொரு சீடர், வாய் சும்மா இருக்காத மனிதர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி ருசி காட்டியே பாதிக் கூட்டைக் காலி பண்ணிட்டாரு. இனி பந்தியில வெறும் இலையைத்தான் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரபாகம் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் குருவிடம் வந்தார். ஆவுடையம்மாள் போனதையும், இலைகள் மூடப்பட்டதையும் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"என் கை மேல எனக்கு இருந்த நம்பிக்கை போயிட்டு சாமி. அது திரும்பி வருமா?"

மடப்பள்ளிக்காரர் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார் என்றும், நாளைக் காலைப் பூஜைக்கு வெண்பொங்கல் சங்கரபாகம்தான் வைக்க வேண்டும் என்றும் குரு சொன்னார்.

மடப்பள்ளி என்பது சிவனுக்குப் படைப்பதைச் சமைக்கும் தனி அடுக்களை. அங்கே வைப்பதைப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மோந்துகூடப் பார்க்கக் கூடாது. மனுசருக்கு வைப்பதையே கெடுக்கிறவன் சிவனுக்கு வைப்பதையும் கெடுக்க வேண்டுமா என்று சங்கரபாகம் கேட்டார்.

"சிவன் இதுவரைக்கும் இலையை மூடிட்டு எந்திரிச்சதில்ல அண்ணாச்சி" என்றார் குரு.

காலையில் அரிசியும் பருப்பும் குழைந்து வந்தன. சங்கரபாகம் உப்பை அள்ளினார். பாதியை உப்பு வைத்திருந்த மரவையில் திரும்பக் கொட்டினார். மறுபடி அள்ளினார். முழுவதையும் கொட்டினார். குரு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு பருக்கை பாத்துச் சொல்லுங்க."

"நானும் பாக்கக் கூடாது."

"பின்ன யாருதான் பாக்குறது?"

"படைச்ச பிறகு எல்லாரும் பாப்பாங்க."

"அப்ப தெரிஞ்சு என்ன செய்ய?"

குரு எட்டி, அடுப்புக்கு வெளியே நீண்டிருந்த விறகை உள்ளே தள்ளினார்.

"கல்யாண வீட்டுல அந்த அம்மா ருசி பாக்குறதுக்கு முந்தி, உப்பைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அளந்தா?"

"இல்ல. கையாலதான்."

"கம்மின்னு சொன்னதுண்டா?"

"அடிக்கடி சொல்லுவா." சங்கரபாகத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "கூடிப்போச்சுன்னா சொல்லவே மாட்டா. அன்னைக்குப் பூரா பேச்சே இருக்காது."

"அந்த அம்மா போன பிறகு வந்த கல்யாணத்துல யாரு போட்டது?"

"அதுவும் இந்தக் கைதான்" என்றார் சங்கரபாகம். பொங்கல் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் உப்பை அள்ளினார். கையைப் பார்க்காமல் போட்டார். கிளறினார். நெய்யில் மிளகும் சீரகமும் பொரித்துக் கொட்டி மூடினார். கையைக் கழுவிக்கொண்டு நேரே நந்தவனத்துக்குப் போய், பந்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பூஜை மணி அடித்து ஓய்ந்தது. இலை போடும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சுச் சத்தம். பிறகு அதுவும் அடங்கியது.

குரு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உப்பு எப்படி சாமி?"

"கம்மிதான்."

சங்கரபாகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இலையில முதல்ல ஒரு சிட்டிகை உப்பு வைக்குதோம்லா" என்றார் குரு. "எல்லாரும் அதைத் தொட்டுக்கிட்டாங்க."

"யாரும் எந்திரிக்கலையா?"

"எந்திரிச்சாங்க. சாப்பிட்டு முடிச்ச பிறகு."

"இசக்கி?"

"கம்மி, கம்மின்னு சொல்லிக்கிட்டே திரும்பத் திரும்ப வாங்கினாரு."

சங்கரபாகம் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"எனக்கு ஒரு வாய் வேணும் சாமி. எவ்வளவு கம்மின்னு நானே பாக்கணும்."

"அண்டா அடியில பிடிச்சது மட்டும்தான் மிச்சம் அண்ணாச்சி" என்றார் குரு.