மஞ்சள் இறங்கிய கல்

வேலை வெட்டி இல்லாமல் கல் பொறுக்குகிறார் என்று பழமலையை ஊரே கேலி செய்துகொண்டிருந்தது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் குனிந்த தலை நிமிராமல் திரிவார்.

ஒரு மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் உருண்டையாக ஒரு கல் கிடைத்தது. டைனோசர் முட்டையாக இருக்குமோ என்று டீக்கடையில் வாய்விட்டுவிட்டார். கேட்க வேண்டுமா! சமுதாயக் கூடத்தில் கல்லை வைத்து மஞ்சள் நீர் ஊற்றினார்கள், குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். பழமலையின் முகத்தோடு ஃப்ளெக்ஸ் முளைத்தது. பார்த்தாலே சிரிக்கும் சம்பந்தி எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

பழமலைக்குக் கற்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மெஹருன்னிசா. கல்லூரியில் நிலவியல் நடத்துபவர், வயதில் பழமலையின் மகளைவிடச் சின்னவர். போனில் சேதியையும் படத்தையும் பார்த்துவிட்டு வந்தவர், கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தின் கதவைச் சாத்தினார்.

"டீச்சரம்மா, முட்டைதானே?"

"உங்களுக்கு என்னங்கய்யா தோணுது?"

"நான் என்னத்தக் கண்டேன்? நீங்க சொன்னா சரி."

மெஹருன்னிசா பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் அவர் கையில் கொடுத்தார்.

பழமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடைக்கவா? முட்டையா இருந்தா?"

"உடைஞ்ச முட்டை."

"இல்லேன்னா?"

"உடைஞ்ச கல்லு."

"வெளிய அத்தன சனம் நிக்குது. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடமாடுவேன்?"

மெஹருன்னிசா கல்லின் மேலிருந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

மாலையைத் திரும்பப் போட்டுவிட்டால் போதும், ஒருவரும் கேட்கப் போவதில்லை. சாகும்வரை மரியாதையாக இருக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலேயே சாக வேண்டும். அது பழமலைக்குப் பொறுக்கவில்லை. தோள் துண்டை நனைத்துக் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

குங்குமம் போயிற்று. மஞ்சளும் போயிற்று. கல்லைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கோட்டில் மட்டும் அது போகவில்லை.

"இங்க மட்டும் மஞ்சள் விட மாட்டேங்குதே."

"ஏன்?"

பழமலை நகத்தால் தடவிப் பார்த்தார். "விரிசல். தண்ணியோட உள்ள இறங்கியிருக்கு."

"அங்க வைங்க உளிய."

உளியை வைத்துப் பதமாகத் தட்டிக்கொண்டே கல்லைச் சுற்றி வந்தார். தேங்காய்போல அது இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒரு சுருள். நத்தைக் கூட்டைப் பெரிதாக்கியதுபோல வளையம் வளையமாகச் சுற்றி, ஒவ்வொரு வரியிலும் மொட்டு மொட்டாகப் புடைத்து, உடையாமல் முழுசாக இருந்தது.

"அம்மோனைட்," என்றார் பழமலை. அவர்தான் சொன்னார், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "கடல்ல வாழ்ந்த உசுரு. கல்லாயிடுச்சு."

மெஹருன்னிசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன வருஷமா இந்த ஓடைங்கள்ல அலையறேன். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லய்யா." அவர் கண் கலங்கியிருந்தது.

பழமலை கதவைத் திறந்தார். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்ட குரல் அது.

"முட்டை இல்ல!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இரண்டு பாதிகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"கடல்! நம்ம ஊரு கடலுக்கு அடியில கெடந்துருக்கு. அதுல வாழ்ந்தது இது!"

சிரிப்பு நின்றது. பிறகு எழுந்த விசில் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சம்பந்தி ஓடிவந்து பழமலையைத் தோளில் தூக்கிக்கொண்டார். பழமலை அழுதார், சிரித்தார், கல்லை மட்டும் கைவிடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் டீ குடித்தார்கள்.

"முட்டை இல்லேன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமில்ல?"

"தெரியும்."

"போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? என் உசுரு போய்ட்டு வந்துச்சு."

மெஹருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லேன்னு சொல்லியிருந்தா ஓடையிலயே வீசியிருப்பீங்க. ஆமான்னு சொல்லியிருந்தா கோயில் கட்டியிருப்பீங்க. அப்புறம் கல்ல யாருங்கய்யா திறக்கிறது?"