முறைக்கும் கண்

"எனக்கு எப்பதான் கத்தி தருவீங்க?" என்று கேட்டார் திருவேங்கடம்.

மேபல் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

திருவேங்கடத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கண்புரை அறுவையில் ஊரே கும்பிட்ட கை அவருடையது. இமையும் கண்குழியும் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான், தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான மேபலிடம் வந்து சேர்ந்திருந்தார். அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். இதில் யார் குரு, யார் சிஷ்யர் என்று நர்சுகள் தங்களுக்குள் பந்தயம் கட்டியதாகக் கேள்வி.

வந்த நாளிலிருந்து பார்க்கிற வேலைதான். நோயாளிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும். டார்ச் கூடாது. தொடக் கூடாது. பேச்சுக் கொடுத்தபடியே பார்க்க வேண்டும்.

இதற்கா இந்த வயதில் வீட்டை விட்டு வந்தோம் என்று அவருக்குள் ஓயாத குடைச்சல்.

மேபல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்து வாறவங்கள நீங்களே பாருங்க சார். நீங்களே முடிவு பண்ணுங்க. கத்தியும் உங்களுக்குத்தான்."

அடுத்து வந்தவள் செண்பகவல்லி. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். கொஞ்ச காலமாக அவளுடைய இடது கண் அகல விரிந்து நின்றது. அவள் சேலையை விரித்தால் வந்தவர்கள் அடுத்த கவுண்டருக்கு நகர்ந்துவிடுகிறார்களாம். விலை கேட்டதற்கு முறைக்கிறாள் என்று ஒரு அம்மாள் முதலாளியிடமே போய்ச் சொல்லிவிட்டாளாம். இப்போது அவளைக் குடோனில் பெட்டி பிரிக்கப் போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்குள் கண் சரியாகாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

"நான் யாரையும் முறைக்கல டாக்டர். இதுவா முறைக்கி," என்றாள். "வெட்டுனாலும் சரி, தச்சாலும் சரி. இத அடக்கி வுட்டுருங்க."

தைராய்டு கெட்டாலும் கண் இப்படி விரியும் என்று திருவேங்கடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறையில்லை. கண்குழிக்குள் கட்டி ஏதும் இருந்து பின்னாலிருந்து தள்ளுகிறதோ என்று ஸ்கேன் எடுத்தார். அதுவும் இல்லை. மேல் இமைதான் காரணமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது, அதைத் தளர்த்தி இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று முடிவுகட்டினார்.

மேபல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தக் கண்ணு சார்?"

"இடது."

"நிச்சயமா?"

"சேலை வாங்க வந்தவங்களுக்கே தெரிஞ்சிருக்கே மேடம்."

மேபல் சிரித்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். இமையில் கத்தி படவேண்டிய இடத்தை, அறுக்கப்போகிறவரே ஊதா மையால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நோயாளி படுத்திருக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அறுவை நாளன்று காலையில் திருவேங்கடம் செண்பகவல்லியின் இடது இமையில் கோடு போட்டார். மெல்லிய, நடுங்காத கோடு. அவருக்கே பெருமையாக இருந்தது.

மேபல் வந்து பார்த்தார். கோடு நன்றாக விழுந்திருக்கிறது என்றார். பிறகு, அவளுடைய வலது இமையை ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"வலதா?"

"வலது."

அந்தக் கண்ணை அவர் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். இமை ஒரு நூல் அளவு சரிந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சுருக்கத்தை அவர் கவலை என்று நினைத்திருந்தார்.

விரலை வைத்துத் தூக்கினார்.

இடது இமை தானாக இறங்கியது. ஊதாக் கோடும் கூடவே இறங்கியது.

முறைப்பு போய்விட்டது. எதிரே ஒரு பெண் அவரைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை எடுத்தார். வலது சரிந்தது. இடது விரிந்தது.

மறுபடி தூக்கினார். மறுபடி இறங்கியது.

இடதைத் தளர்த்தியிருந்தால் அவளுக்கு இரண்டு கண்ணும் பாதி மூடியே கிடந்திருக்கும்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று மேபலிடம் கேட்டார்.

"அன்னைக்கு நெத்தியத் தூக்கிக்கிட்டே உள்ள வந்தாங்கல்லா, அப்பவே."

"சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீங்க கேட்டது கத்தி."

செண்பகவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்குச் செய்யப்போவதில்லையா என்று கேட்டாள்.

திருவேங்கடம் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கைக்கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்தார். வலது இமையைத் தூக்கிக் காட்டினார், விட்டுக் காட்டினார். வேலை வலது கண்ணில்தான், இடதைத் தொடப்போவதே இல்லை என்றார்.

"அப்ப இது முறைக்கலியா?"

"இல்லம்மா. வலது இமைக்குத் தெம்பு இல்ல. அதத் தூக்குறதுக்கு நீங்க போடுற பலம் பூரா இதுக்கும் சேர்ந்து போயிருது. அதான் இது விரிஞ்சு நிக்குது."



அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அதை மடியில் வைத்தாள். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினாள். கையில் ஊதா மை ஒட்டியது.

"கொஞ்ச நேரம் கண்ணசரு, தாயி," என்றாள், அதனிடம்.